உடைந்தால் உடையட்டும்!

ஆரணிக்குப் போய் வந்தவர்கள் எல்லாரும் பட்டுப் புடவையைப் பற்றித்தான் பேசுவார்கள். நான் ஒரு பீரோவைப் பற்றிப் பேசப் போகிறேன்.

உறவுக்காரப் பெண்ணின் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போயிருந்தோம். கடையில் எடுப்பதைவிட நெய்கிற வீட்டிலேயே எடுத்தால் 2,000 ரூபாயாவது மிச்சம் என்பது என் வீட்டம்மாவின் பொருளாதாரக் கொள்கை. (நான் படித்தது பி.காம். இருந்தாலும் இந்த மாதிரி விஷயங்களில் என்னிடம் யாரும் ஆலோசனை கேட்பதில்லை.) பெண்கள் புடவைகளைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு வேலை இல்லை. தறிக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து அந்த வீட்டுக்காரர் நெய்துகொண்டிருந்தார். திண்ணையில் ஐந்தாவது படிக்கிற அவர் மகள், புத்தகத்தை மடியில் வைத்து முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பாடம்மா?"

"சயின்ஸு, மாமா."

"சொல்லு, கேட்போம்."

புத்தகத்தை மூடினாள். எழுந்து நின்றாள். கையைக் கட்டிக்கொண்டாள். கண்ணையும் மூடிக்கொண்டு ஒரே மூச்சில் ஒப்பித்தாள். நெம்புகோல், கப்பி, சாய்தளம், திருகு, ஆப்பு... ஒன்றுகூடத் தப்பவில்லை.

"பலே! நெம்புகோல் எங்கம்மா இருக்கு?"

"புக்ல, மாமா."

"கப்பி?"

"அதுக்கு அடுத்த பக்கத்துல."

அவளுக்கு மூன்று அடி பின்னால் அவள் அப்பா மிதியை அழுத்தினார். கயிறு மேலே போய், உருளையில் ஏறித் திரும்பி, தறியின் தலைமேல் இருந்த ஜக்கார்டு பெட்டியை 'டக்'கென்று தூக்கியது. பாவு இரண்டாகப் பிரிந்தது. நாடா இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஓடியது. நெம்புகோலும் கப்பியும் அந்த வீட்டில் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தடவை வேலை செய்து சோறு போடுகின்றன. பிள்ளைக்கு அவை புத்தகத்தில் இருக்கின்றன.

குழந்தையைக் குற்றம் சொல்லி என்ன பிரயோஜனம்? "பள்ளிக்கூடம் பக்கத்துலதான் சார். ஹெட்மாஸ்டர் தங்கமான மனுஷன்" என்று சொல்லி அப்பாவே அழைத்துப் போனார்.

தங்கமான மனுஷன்தான். பள்ளியின் பெயர் வேண்டாம், அவர் பெயரும் வேண்டாம். ஏன் என்பது உங்களுக்கே புரியும்.

"செய்முறையா பாடம் நடத்த சாமான் எல்லாம் இருக்காங்க சார்?" என்று கேட்டேன்.

அவர் முகம் மலர்ந்தது. "எல்லாம் இருக்குங்க. வாங்க காட்டறேன்" என்று இடுப்புச் சாவியை எடுத்துப் பச்சை பீரோவைத் திறந்தார். மேல் தட்டில் பதிவேடுகள். கீழ்த் தட்டில் ஒரு பெட்டி. பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறை. உறைக்குள் காந்தம், பூதக்கண்ணாடி, கப்பி, ஸ்பிரிங் தராசு, தெர்மாமீட்டர், இரண்டு பீக்கர், ஒரு முப்பட்டகக் கண்ணாடி. எல்லாவற்றின் மேலும் வெள்ளைப் பெயின்ட்டில் நம்பர். ஒன்றில்கூடக் கீறல் இல்லை. கல்யாணச் சீர் மாதிரி பளபளவென்று இருந்தன.

முப்பட்டகத்தை எடுத்து இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார். அதே மரியாதையோடு நானும் வாங்கினேன். ஜன்னல் வழியாக வெயில் விழுந்துகொண்டிருந்தது. சும்மா இருக்க முடியாமல் வெயிலில் பிடித்தேன். எதிர்ச் சுவரில் ஏழு நிறமும் விழுந்தது.

அவ்வளவுதான். வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்திருந்த பிள்ளைகள் வரிசையை மறந்துவிட்டார்கள். கதவில் பத்துத் தலை, ஜன்னலில் பத்துத் தலை. ஒரு பையன் உள்ளேயே வந்துவிட்டான். சுவர்ப் பக்கமாகப் போய் உள்ளங்கையை நீட்டினான். நிறம் அவன் கையில் விழுந்தது. கையை மூடினான். திறந்தான். திரும்ப மூடினான்.

"சார், புடிக்க வரல சார்!"

ஐயா, விஞ்ஞானம் என்பது இந்த ஒரு வாக்கியம்தான். நியூட்டன் 1666 வாக்கில் இருட்டு அறையில் முப்பட்டகத்தை வைத்துக்கொண்டு பட்ட அவஸ்தையும் இதுதான். இது என்ன, எங்கிருந்து வருகிறது, ஏன் பிடிக்க வரவில்லை?

ஹெட்மாஸ்டர் சிரித்தார். அவருக்கும் சந்தோஷம்தான். ஆனால் இரண்டு நிமிஷம் ஆனதும் என் கையிலிருந்து அதை மெதுவாக வாங்கினார். துடைத்தார். உறையில் போட்டார். பெட்டியில் வைத்தார். பீரோவைப் பூட்டினார்.

"பசங்க கையில குடுக்கறதில்லையா சார்?"

"உடைஞ்சா யாருங்க பதில் சொல்றது? எனக்கு இன்னும் 3 வருஷம்தான் சர்வீஸ் இருக்கு."

அவரைத் திட்டி எழுதத்தான் நினைத்தேன். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் யோசிக்க யோசிக்கத் திட்ட முடியவில்லை. ஏனென்றால் நான் பி.காம். அவர் சொன்ன பயம் எனக்குப் புரியும். அது கணக்குப் புத்தகத்தின் பயம்.

கொஞ்சம் கணக்கியல் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆபீஸ் வாங்கும் பொருள்களை இரண்டாகப் பிரிப்பார்கள். மேஜை, நாற்காலி, பீரோ மாதிரி வருஷக்கணக்கில் இருப்பவை சொத்து. காகிதம், மை, குண்டூசி மாதிரி பயன்படுத்தித் தீர்ப்பவை செலவு. சொத்துக்கு இருப்புப் பதிவேடு உண்டு. வருஷா வருஷம் எண்ணிப் பார்க்க வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் பொறுப்பாளர் பதில் சொல்ல வேண்டும். உடைந்ததைக் கழித்து எழுத விதி இல்லாமல் இல்லை. ஆனால் அந்த விதிக்குப் பின்னால் ஒரு கடிதம், ஒரு சான்று, ஒரு மேலதிகாரி, ஒரு விளக்கம், கடைசியில் ஒரு சந்தேகப் பார்வை. ஓய்வூதியத்துக்குக் காத்திருக்கிற எந்த மனுஷன் இதில் கையை விடுவான்?

அதே பள்ளியில் சாக்பீஸ் இருக்கிறது. மாதம் எத்தனை பெட்டி கரைகிறது? கரைந்த சாக்பீஸ் எங்கே என்று எந்த ஆடிட்டராவது கேட்டிருக்கிறாரா? கேட்கமாட்டார். கரையத்தான் சாக்பீஸ்.

என் வழக்கு இவ்வளவுதான்: பூதக்கண்ணாடியும் சாக்பீஸ்தான். ஐந்து வயசிலிருந்து பத்து வயசு வரைக்கும் இருக்கிற பிள்ளைகள் தொடுகிற எந்தப் பொருளும் சாக்பீஸ்தான். அதைச் சொத்து என்று எழுதிய நிமிஷமே நாம் சயின்ஸுக்குப் பூட்டுப் போட்டுவிட்டோம்.

இது ஆரணியில் மட்டும் இருக்கிற வியாதி என்று நினைக்க வேண்டாம். 1986 தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி, 1987-ல் மத்திய அரசு 'ஆபரேஷன் பிளாக்போர்டு' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. தொடக்கப் பள்ளி என்றால் குறைந்தபட்சம் இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், கூடவே அறிவியல் பெட்டி, கணிதப் பெட்டி, விளையாட்டுச் சாமான். நல்ல எண்ணம். பெட்டிகள் நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தன. போன இடத்தில் நிறையப் பெட்டிகள் பூட்டுக்குள் போயின. காரணம் எங்கே கேட்டாலும் ஒரே காரணம்: உடைந்தால் யார் பொறுப்பு? பெட்டி வாங்கப் பணம் ஒதுக்கியவர்கள், பெட்டி உடைவதற்குப் பணம் ஒதுக்க மறந்துவிட்டார்கள்.

அப்புறம் 2001-ல் அனைவருக்கும் கல்வி இயக்கம் வந்தது. கற்பித்தல் பொருள் வாங்க ஆசிரியர் ஒருவருக்கு வருஷத்துக்கு 500 ரூபாய் என்றார்கள். இதுவும் நல்ல எண்ணம். ஆனால் பில் வேண்டுமே! சார்ட் பேப்பருக்கு பில் உண்டு, ஸ்கெட்ச் பேனாவுக்கு பில் உண்டு. தள்ளுவண்டியில் வாங்கிய நாலு எலுமிச்சம்பழத்துக்கும் ஒரு பாக்கெட் மஞ்சள் தூளுக்கும் எந்த டீச்சர் பில் கேட்பார்? விளைவு, சுவர் முழுக்கச் சார்ட். தவளையின் வாழ்க்கைச் சுழற்சி சார்ட்டில் இருக்கும். தவளை பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் குட்டையில் இருக்கும். நடுவில் சுவர் இருக்கும்.

சரி, சாமான் பற்றியே எவ்வளவு நேரம் பேசுவது? ஆரணியில் பெட்டியே தேவையில்லை என்பதுதான் என் அடுத்த கட்சி. அந்த ஊரே ஒரு சயின்ஸ் லேப்.

கச்சாப் பட்டு நூலைச் சாயம் போடுவதற்கு முன்னால் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைப்பார்கள். ஒரு கிலோ நூல் உள்ளே போனால், வெந்து காய்ந்து வெளியே வரும்போது முக்கால் கிலோவுக்குப் பக்கத்தில்தான் நிற்கும். இது ஆரணியில் தொழில் தெரிந்த எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. இதை அப்படியே வகுப்பில் ஒரு கேள்வியாகப் போடுங்கள்: கால் கிலோ எங்கே போச்சு?

திருடு போகவில்லை. பட்டுப்புழு தன் கூட்டைக் கட்டும்போது நூலோடு சேர்த்து ஒரு கோந்தையும் கக்குகிறது. அதற்கு செரிசின் என்று பெயர். நூலின் எடையில் நூற்றுக்கு 20 முதல் 30 பங்கு வரை இந்தக் கோந்துதான். வெந்நீரில் அது கரைந்து போகிறது. நூல் மெத்தென்று ஆகிறது, பளபளப்பு வருகிறது. இந்த ஒரு கேள்வியில் எடை இருக்கிறது, சதவீதம் இருக்கிறது, கரைதல் இருக்கிறது, ஒரு புழுவின் வாழ்க்கை இருக்கிறது. ஒரு பட்டுக்கூட்டை வெந்நீரில் போட்டு நுனியைப் பிடித்து உருவச் சொல்லுங்கள். ஒரே நூல், அறுபடாமல், ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் வரும். பஸ் ஸ்டாண்ட் வரை போகுமா, கோட்டை வரை போகுமா என்று பிள்ளைகளே கணக்குப் போடுவார்கள். வேகவைத்த தண்ணீர் எங்கே போகிறது என்று யாராவது ஒரு வாண்டு கேட்டால், கமண்டல நாகநதியைப் பற்றியும் பேச வேண்டிவரும். கேட்கட்டுமே.

இன்னொன்று. நம் வீடுகளில் ஆரத்தி எடுக்கிறோம். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைப் போட்டால் ரத்தச் சிவப்பாகிறது. ஏன் என்று என்றைக்காவது கேட்டிருக்கிறோமா? மஞ்சளுக்குக் காரத்தைக் கண்டால் சிவக்கிற குணம் உண்டு. காகிதத்தில் மஞ்சளைத் தடவிக் காயவைத்தால் சோதனைத் தாள் தயார். சோப்புத் தண்ணீரைத் தொட்டு வைத்தால் சிவக்கும். எலுமிச்சைச் சாறு விட்டால் மறுபடி மஞ்சளாகும். அமிலம், காரம் இரண்டும் முடிந்தது. செலவு ஒரு சிட்டிகை.

அந்தத் தறி மேல் இருக்கிற ஜக்கார்டு பெட்டிக்கு வருகிறேன். அதில் ஓட்டை போட்ட அட்டைகள் மாலை மாதிரி தொங்கும். அட்டையில் ஓட்டை இருக்கிற இடத்தில் ஊசி நுழையும், அந்த இழை மேலே எழும்பும். ஓட்டை இல்லாத இடத்தில் இழை கீழேயே கிடக்கும். இந்த 'உண்டு - இல்லை' கணக்கில்தான் முந்தானையில் மயில் தோகை விரிக்கிறது. பிரான்ஸில் லியோன் பட்டு நெசவாளர்களுக்காக ஜோசப் மரி ஜக்கார்டு 1804-ல் செய்த இயந்திரம் இது. இதே ஓட்டை அட்டையை வைத்துத்தான் 1830-களில் சார்லஸ் பாபேஜ் கணக்குப் போடும் இயந்திரம் ஒன்றைத் திட்டமிட்டார். ஜக்கார்டின் உருவத்தையே பட்டில் நெய்த படம் ஒன்று அவரிடம் இருந்தது. அதை நெய்ய 24,000 அட்டைகள் தேவைப்பட்டன. அமெரிக்காவின் 1890 மக்கள்தொகைக் கணக்கை ஹாலரித் ஓட்டை அட்டையில்தான் எண்ணினார். அவருடைய கம்பெனி வேறு சில கம்பெனிகளோடு சேர்ந்து, 1924-ல் பெயர் மாறி, ஐ.பி.எம். ஆனது.

"தறி நம்மளோட போகட்டும், பிள்ளை கம்ப்யூட்டர் படிக்கட்டும்" என்று அந்தப் பெண்ணின் அப்பா என்னிடம் சொன்னார். கம்ப்யூட்டரின் தாத்தா அவர் தலைக்கு மேல்தான் 'டக் டக்' என்று இருமிக்கொண்டிருக்கிறார். இதை அவருக்கும் பள்ளிக்கூடம் சொல்லவில்லை, அவர் மகளுக்கும் சொல்லவில்லை.

இந்த இடத்தில் ஒரு வாசகர் கையை உயர்த்துவது எனக்குத் தெரிகிறது. "என்ன சார், சுற்றிச் சுற்றிக் குலக்கல்விக்கே வர்றீங்களா?"

நியாயமான கேள்வி. தமிழ்நாட்டில் கேட்டே ஆக வேண்டிய கேள்வி. 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட நேரம் பாதி. மீதி நேரம் அப்பனுடைய தொழிலைப் பழக வேண்டும். நெசவாளி பிள்ளைக்குத் தறி, சலவைக்காரர் பிள்ளைக்குத் துறை. பெரியாரும் தி.மு.க.வும் காங்கிரஸிலேயே பலரும் எதிர்த்தார்கள். 1954-ல் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராஜ் திட்டத்தைத் தூக்கிப்போட்டார். தூக்கிப்போட்டது நூற்றுக்கு நூறு சரி.

ஆரணிக்கு அது இரண்டு மடங்கு சரி. கோர்வைக் கரை நெய்ய, தறியின் ஓரத்தில் உட்கார்ந்து நாடா தள்ள இன்னொரு ஆள் வேண்டும். அந்த இன்னொரு ஆள் பல காலம் ஒரு குழந்தையாக இருந்தது. அப்பன் வாங்கின முன்பணத்துக்கு வட்டியாகப் பிள்ளையின் விரல்கள் போயின. காஞ்சிபுரம், ஆரணி வட்டாரத்துப் பட்டுத் தறிகளில் குழந்தைத் தொழிலாளர்கள் இருந்ததை அரசாங்கமும் மறுக்கவில்லை. 1986-ல் சட்டம் வந்தது. அதிகாரிகளும் தொண்டு நிறுவனங்களும் ஆசிரியர்களும் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைத் தறியிலிருந்து எழுப்பிப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிவந்தார்கள். அது பெரிய காரியம். அவர்களுக்கு ஒரு கும்பிடு.

என் கேள்வி அதற்கு அப்புறம் நடந்ததைப் பற்றி. தறியில் அந்தக் கை வேலை செய்தது, மூளைக்கு வேலை இல்லை. பள்ளிக்கூடத்துக்கு வந்ததும் நாம் செய்த முதல் காரியம் என்ன? "கையைக் கட்டு, வாயைப் பொத்து." ஆக, அங்கே கைக்கு மட்டும் வேலை, இங்கே நாக்குக்கு மட்டும் வேலை. இரண்டு இடத்திலும் பிள்ளையை 'ஏன்' என்று கேட்க விடவில்லை. பண்ணையார் முன்னால் பாட்டன் கட்டிய கையைத்தான் சார், பேரன் இன்றைக்கு வகுப்பில் கட்டிக்கொண்டு நிற்கிறான். கைவேலை தாழ்ந்தது, மனப்பாடம் உயர்ந்தது என்பது நம் ஊரில் பாடத்திட்டம் வகுத்தவர்கள் கண்டுபிடித்தது அல்ல. ஜாதி கண்டுபிடித்தது.

குலக்கல்வி, நெசவாளியின் பிள்ளையை மட்டும் தறிக்கு அனுப்பியது, அங்கேயே இருக்கச் சொல்லி. நான் கேட்பது நேர் எதிர். தறியை வகுப்புக்குக் கூட்டி வாருங்கள். எல்லாப் பிள்ளைகளும் தொடட்டும். ரைஸ் மில் முதலாளி பிள்ளையும் தாசில்தார் பிள்ளையும் சேர்ந்து தொடட்டும். நெய்யக் கற்றுக்கொள்வதற்கு அல்ல, அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்பதற்கு. தொழிலைப் படிப்பது வேறு, தொழிலில் இருக்கிற விஞ்ஞானத்தைப் படிப்பது வேறு. முதலாவது பிள்ளையைக் குழிக்குள்ளேயே வைத்திருக்கும். இரண்டாவது குழியிலிருந்து தூக்கிவிடும்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். நடந்திருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-ல் 16 கிராமத்து நடுநிலைப் பள்ளிகளில் ஆரம்பித்தார்கள். 1978-ல் மாவட்டம் முழுக்கப் பரவியது. குழந்தைகள் நாலு நாலு பேராக உட்கார்ந்து சோதனை செய்து, தாங்கள் பார்த்ததைத் தாங்களே எழுதுவார்கள். பரீட்சையில் புத்தகத்தைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். செய்முறைத் தேர்வும் உண்டு. நான் குறித்துக்கொண்ட முக்கியமான விஷயம், உடைந்ததையும் தீர்ந்ததையும் மறுபடி நிரப்புவது அந்தத் திட்டத்திலேயே ஒரு பகுதி. 1978-ல் டெல்கோவில் வேலை பார்த்த ஐ.ஐ.டி. இன்ஜினீயர் ஒருவர் லீவு போட்டுவிட்டு அங்கே போனார். வாரச் சந்தையில் கிடைத்த சைக்கிள் வால்வு டியூபையும் தீக்குச்சியையும் இணைத்து முக்கோணம், சதுரம், வீடு என்று செய்து காட்டினார். அரவிந்த் குப்தா. குப்பையிலிருந்து பொம்மை செய்தே ஒரு ஆயுளைக் கழித்தவர். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஹோஷங்காபாத் திட்டத்துக்கு என்ன கொடுத்தார்கள்? 30 வருஷம் ஓடிய அதை 2002-ல் மாநில அரசு ஒரே உத்தரவில் மூடியது. மனுஷனுக்குப் பதக்கம், அவர் பாடம் கற்ற பள்ளிக்குப் பூட்டு. நம் தேசத்தின் வழக்கமே அதுதான்.

தமிழ்நாடும் சும்மா இருக்கவில்லை. எம்.பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது, 2003-ல் ரிஷி வேலி முறையைப் பார்த்துவிட்டு வந்து மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கிவைத்தார். 2007-08-ல் அது மாநிலம் முழுக்கப் போனது. பிள்ளைகளோடு டீச்சரும் பாயில் உட்கார்ந்தார். கரும்பலகை பிள்ளையின் உயரத்துக்கு இறங்கி வந்தது. இந்த இரண்டு காட்சிக்காகவே அந்தத் திட்டத்தை நான் மறக்கமாட்டேன். ஆனால் தொட்டுப் பார்க்கக் கிடைத்தது பெரும்பாலும் அச்சடித்த அட்டைதான். கப்பியின் படம் போட்ட அட்டை கப்பி ஆகாது.

2022 நவம்பரில் வானவில் மன்றம் வந்தது. அரசுப் பள்ளிகளுக்குக் கருத்தாளர்கள் நேரில் வந்து சோதனை செய்து காட்டுகிறார்கள். வரவேற்கிறேன். ஆனால் அது 6-ம் வகுப்பு முதல் 8 வரைக்கும். ஐந்து வருஷம் கையைக் கட்டிவைத்துவிட்டு ஆறாவது வருஷம் அவிழ்த்துவிட்டால் கை மரத்துப் போயிருக்காதா? அதே 2022-ல் சின்ன வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் வந்தது. கொரோனாவில் படிப்பு விட்டுப்போன பிள்ளைகளுக்கு வாசிக்கவும் கணக்குப் போடவும் சொல்லித் தர வேண்டியதுதான். வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் எதை வாசிப்பது, எதை எண்ணுவது? தன் கையால் முளைக்கவைத்த பச்சைப்பயறைப் பற்றி ஒரு பிள்ளை நாலு வரி எழுதினால் அது எழுத்து இல்லையா? எத்தனை முளைத்தது, எத்தனை அழுகியது என்று எண்ணினால் அது எண் இல்லையா?

அரசுப் பள்ளியைப் பற்றித்தானே பேசுகிறான் என்று நகரத்து அப்பா அம்மாக்கள் நிம்மதியாகக் காபி குடிக்க வேண்டாம். உங்களிடமும் வருகிறேன்.

லட்ச ரூபாய் ஃபீஸ் கட்டுகிற பள்ளியில் ஸ்மார்ட் போர்டில் காந்தம் ஓடிவந்து ஆணியைப் பிடிக்கிறது. உங்கள் பிள்ளை பார்க்கிறது. தொடவில்லை. ஆரணிப் பிள்ளைக்குப் பீரோக் கதவு, உங்கள் பிள்ளைக்குக் கண்ணாடித் திரை. இரண்டும் பூட்டுதான். உங்களுடைய பூட்டுக்கு ஏ.சி. போட்டிருக்கிறது.

அப்புறம் அந்த 'புராஜெக்ட்'! ஞாயிற்றுக்கிழமை ராத்திரி 9 மணிக்குத்தான் பிள்ளைக்கு ஞாபகம் வரும். அப்பா ஸ்டேஷனரி கடைக்கு ஓடுவார். கடையில் தெர்மாகோல் எரிமலை ரெடிமேடாகத் தொங்கும். மிச்சத்தை அம்மா ஒட்டுவார். திங்கட்கிழமை பிள்ளை தூக்கிக்கொண்டு போகும். 'வெரி குட்' வாங்குவது அம்மாவுடைய கைவேலை. நான் யோக்கியன் இல்லை. என் மகன் மூன்றாவது படிக்கும்போது சூரியக் குடும்பத்தை நான்தான் செய்தேன். சனி கிரகத்துக்கு வளையம் மாட்டும்போது அவன் கையை நீட்டினான். "தொடாதே, உடைஞ்சிடும்" என்றேன். ஆரணி ஹெட்மாஸ்டருக்காவது ஆடிட்டர் பயம். எனக்கு என்ன பயம்?

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் கஷ்டம் தெரிகிறது. 60 பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டம். வகுப்போ ஐந்து. இதில் தேர்தல் வேலை, கணக்கெடுப்பு, செல்போனில் வருகைப் பதிவு, புள்ளிவிவரம். இந்த லட்சணத்தில் சோதனை வேறா என்று கேட்டால் என்னிடம் பெரிய பதில் இல்லை. ஒன்று மட்டும் சொல்வேன். சோதனை வெற்றி பெற வேண்டும் என்ற அவசியம் இல்லை. மஞ்சள் தாள் சிவக்காவிட்டால் "ஏன் சிவக்கலை?" என்று பிள்ளைகளையே கேளுங்கள். "எனக்கும் தெரியலைப்பா, வாங்க பார்ப்போம்" என்று சொல்கிற வாத்தியாருக்கு மரியாதை குறையாது, கூடும்.

கல்வித் துறைக்கு என் கோரிக்கைகள் மூன்று. மூன்றுக்கும் புதுத் திட்டம் வேண்டாம், புதுப் பெயர் வேண்டாம், துவக்க விழா வேண்டவே வேண்டாம்.

ஒன்று: தொடக்கப் பள்ளி அறிவியல் சாமான்களை இருப்புப் பதிவேட்டிலிருந்து எடுத்துச் செலவுக் கணக்கில் சேருங்கள். ஒரு அரசாணை போதும். உடைந்ததற்கு விளக்கம் கேட்காதீர்கள். வருஷக் கடைசியில் ஒன்றுகூட உடையாத பள்ளி இருந்தால் அந்தப் பள்ளியிடம் விளக்கம் கேளுங்கள்.

இரண்டு: பில் இல்லாமல் செலவு செய்ய ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஒரு சின்னத் தொகை. எலுமிச்சைக்கும் பச்சைப்பயறுக்கும். அதில் ஒருவர் 50 ரூபாய் அடித்துவிடுவாரோ என்ற பயமா? ஐயா, அரசாங்கத்தில் எங்கெங்கே எவ்வளவு போகிறது என்று எல்லாருக்கும் தெரியும். எலுமிச்சம்பழத்தில் பிடிக்க வேண்டாம்.

மூன்று: வாரம் ஒரு நாள் ஊரிலிருந்து ஒருவர் பள்ளிக்கு வரட்டும். சாயம் போடுகிறவர், தச்சர், சைக்கிள் கடைக்காரர், மெக்கானிக். அவர் பாடம் நடத்த வேண்டாம். தன் சாமானைக் காட்டிவிட்டு, பிள்ளைகள் கேட்பதற்குத் தெரிந்ததைச் சொன்னால் போதும். அவருக்கு ஒரு நாற்காலி போடுங்கள். அப்பாவுக்குப் பள்ளிக்கூடத்தில் நாற்காலி போட்டதைப் பார்த்த பிள்ளை, அந்தப் பாடத்தை ஆயுசுக்கும் மறக்காது.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. புடவையை எல்லாரும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். தொட்டுப் பார்க்காமல் பட்டு வாங்குகிற ஒரு ஆளைக் காட்டுங்கள் பார்ப்போம். கல்வியை மட்டும் தொடாமலே வாங்கிக்கொள்ளச் சொல்கிறோம்.

அடுத்த தடவை ஆரணி போகும்போது அந்த ஹெட்மாஸ்டரைப் பார்க்கப் போவேன். அவருடைய பதிவேட்டில் ஒரு வரி படிக்க ஆசை.

'முப்பட்டகம் - 1. உடைந்தது. காரணம்: பிள்ளைகள் பார்த்தார்கள்.'